உள்ளத்தின் நிலையும் படைப்பாற்றலும்

மனம் மகிழ்ந்திருக்கும்போது எண்ணங்கள் ஊற்றெடுப்பதையும், அச்சம் சூழ்ந்தபோது தெரிந்த விடையும் மறந்துபோவதையும் நாம் அனைவரும் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். இதற்குக் காரணம் யாது?

ஜெர்மானிய உளவியல் அறிஞர் கார்ல் டுங்கர் 1935-ஆம் ஆண்டில் ஒரு புதிரை வெளியிட்டார். மெழுகுவத்தி ஒன்று, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையச் சிற்றாணிகள் ஆகியவை மேசைமீது உள்ளன. இவற்றைக்கொண்டே, மெழுகு கீழே சொட்டாதவாறு மெழுகுவத்தியைச் சுவரில் பொருத்தி எரித்தல் வேண்டும். வழி எளியதே. ஆணிகளைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சுவரில் அறைந்து, அதில் மெழுகுவத்தியை நிறுத்தலாம். ஆயினும் பெட்டியை ஆணி வைக்கும் கலமாகவே காணும் கண்ணுக்கு, அது ஒரு தாங்கியாகத் தோன்றுவதில்லை.

1987-இல் அமெரிக்காவில் ஆலிஸ் ஐசன் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் இப்புதிரை மாணவர்களிடம் அளித்தனர். முன்னதாகச் சிலருக்கு நகைச்சுவைப் படமும், வேறு சிலருக்குக் கணிதப் படமும் காட்டினர். சிரித்து மகிழ்ந்தவருள் நால்வருக்கு மூவர் விடை கண்டனர். கணிதப் படம் பார்த்தவருள் ஐவருக்கு ஒருவரே கண்டார். மகிழ்ச்சி கவனத்தின் எல்லையை விரித்து, தொலைவிலுள்ள கருத்துகளையும் இணைத்துக் காட்டுகிறது. அச்சமோ, ஆபத்தெனக் கருதும் ஒன்றிலேயே மனத்தைக் கட்டிவிடுகிறது.

எனினும், இனிய மனநிலை மட்டும் போதும் என்பதில்லை. அது ஊக்கம் தருவதாகவும் இருத்தல் வேண்டும் என்பது 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்களின் முடிபு. ஓய்ந்த மனநிறைவைவிடத் துள்ளும் உற்சாகமே புதுமைக்குத் துணை. சோர்ந்த துயரம் புதியதைத் தருவது அரிது. ஆனால் எழுதியதைச் சீர்தூக்கிக் குறை களைய, அடங்கிய மனமே ஏற்றது.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் ஊர் நீங்கி வறுமையோடு வாழ்ந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு ஆகியவை அக்காலத்தில் எழுந்தவையே. வறுமை அவரைப் பாடவைத்தது என்பதைவிட, வறுமையால் அணையாத ஊக்கம் பாடவைத்தது என்பதே பொருந்தும்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இதில் பயன் உண்டு. ஊர் நினைவு நெஞ்சை அழுத்தும் மாலைகளில், முன்பு எழுதியதைத் திருத்தலாம். புதியதைத் தொடங்குமுன், சிறிது உலாவி வரலாம். தாய்மொழியில் பேசி மகிழ நண்பர் ஒருவரை நாடலாம். புதிய ஊரில் புதிய மொழியில் பயிலும் நம் குழந்தை கணக்கில் தடுமாறும்போது, அதட்டலை விலக்கிச் சற்றே சிரிக்க வைப்போமாக. அடைபட்ட வழி அப்போது அதற்குத் தானே புலப்படக்கூடும்.