எலி ஏறாத தீவு

இந்து சமுத்திரத்தின் மேற்குப் பாகத்திலே சிதறிக் கிடக்கும் சீஷெல்ஸ் தீவுக் கூட்டத்தில் கசின் என்றொரு சின்னஞ்சிறு தீவு உண்டு. அதன் பரப்பு 30 ஹெக்டேயருக்கும் குறைவு. அங்கே கடை இல்லை, விடுதி இல்லை, பயணிகள் இராத் தங்க அனுமதியும் இல்லை. காலையிற் சென்று நண்பகலோடு திரும்பிவிட வேண்டும்.

அயல் தீவாகிய பிராஸ்லினிலிருந்து, டிசம்பர் மாதக் காலையொன்றில், பாய்மரப் படகேறினோம். இடையிலே ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் கடல்தான். வடமேல் காற்று பாயை இதமாக நிரப்பியது. கரை மணல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த வேளையில் படகோட்டி பாயை இறக்கி நங்கூரமிட்டுவிட்டார். வெளிப் படகு எதுவும் அம்மணலைத் தொடலாகாது. தீவின் காவலர்கள் தங்கள் சொந்த வள்ளத்தைக் கொண்டுவந்து நம்மை ஏற்றினர். அலையின் முதுகிலே வேகமாகச் செலுத்தி, அவ்வள்ளத்தை மணல்மீதே ஏற்றி நிறுத்தினர். கைப்பிடியை விட்டவர் பாடு திண்டாட்டந்தான்!

இத்தனை கட்டுப்பாடும் எலிக்கு அஞ்சியே. சினையுற்ற எலியொன்று படகில் ஒளிந்து வந்து கரையேறினாற் போதும். தரையிலும் தாழ்ந்த கிளையிலும் கிடக்கும் முட்டைகளுக்கு விமோசனம் இராது. சீஷெல்ஸ் கதிர்க்குருவி என்னும் சிறு பறவை மற்றத் தீவுகளில் அழிந்தமைக்கு எலியும் பூனையும், தென்னைக்காகக் காடழித்தமையுமே காரணம். உலகம் முழுவதிலும் எஞ்சிய முப்பதுக்கும் குறைந்த குருவிகள் இந்த ஒரு தீவிலேயே ஒதுங்கியிருந்தன. 1968ஆம் ஆண்டில் பறவைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு மன்றம் தீவையே விலைக்கு வாங்கிற்று.

அப்போது இதுவும் ஒரு தென்னந்தோட்டமே. தென்னையைப் பிள்ளையென்று போற்றும் நமக்கு மனம் சிறிது கசக்கத்தான் செய்யும். ஆயினும் தென்னைகளை அகற்றி, பழைய காட்டை மீள எழவிட்டார்கள். இன்று பிசோனியா மரங்கள் அடர்ந்து நிழல் பரப்புகின்றன. யாழ்ப்பாணத்து வளவுகளில் வறைக்காக நாம் வளர்க்கும் சண்டி மரம் இவற்றுக்கு நெருங்கிய உறவு. அந்நிழலில் நுளம்புகளும் நம்மை மொய்த்தன என்பதை மறைப்பானேன்? பூச்சிகளே கதிர்க்குருவிக்கு இரை.

அக்குருவிகளின் குடும்ப வாழ்க்கை நம்மவர்க்குப் புதிதன்று. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. வளர்ந்த பிள்ளைகளிற் சில தனிக்குடித்தனம் போகாமல், பெற்றோரோடிருந்து இளைய குஞ்சுக்கு இரை தேடி ஊட்டும். தீவு நிறைந்து இடம் போதாமற் போயிற்று. எனவே 1988இல் 29 குருவிகளைப் பிடித்து அரீட் தீவிற் குடியேற்றினர். 1990இல் கசீன், 2004இல் டெனிஸ், 2011இல் பிரிகேட் தீவுகளிலும் குடியேற்றம் நிகழ்ந்தது. முப்பது தேறாத இனம் இப்போது ஆயிரக்கணக்கில் வாழ்கின்றது.

வழியில் வெண்ணிற ஆலா ஒன்று வெறுங் கிளையின் மேல் முட்டையிட்டு அடைகாத்திருந்தது. கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை! எட்டிப் பிடிக்கும் உயரத்திலிருந்தும் அது நம்மைக் கண்டு அசையவில்லை. பொரிக்கும் குஞ்சு, கூரிய நகங்களால் அக்கிளையையே பற்றிக்கொண்டு வளருமாம்.

கரைக்கு மீண்டபோது அழுங்காமை ஒன்று பட்டப்பகலிலே மணலேறி வந்திருந்தது. பிற நாடுகளில் பெரும்பாலும் இரவில் முட்டையிடும் இவ்வினம், சீஷெல்ஸிலே பகலில் வருகிறது. ஒரு காலத்தில் ஓட்டுக்காக வேட்டையாடப்பட்ட பிராணி அது. காவலர் கைகாட்டிய தூரத்தில், மூச்சடக்கி நின்றோம். பின் துடுப்புகளால் குழிதோண்டி முட்டையிட்டு, மணலை மூடி, அது மெல்லக் கடலுக்குத் திரும்பும் வரையில் தீவின் வள்ளமும் நமக்காகக் காத்துக் கிடந்தது.