பாட்டி பெயரில் ஒரு சிம்

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை காலை. கூகிளின் இலங்கை முகவரியைத் தட்டியவர்களுக்கு வேறொரு பக்கம் திறந்தது. நாட்டின் குறைகளை அடுக்கிய அந்தப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் துறையும் இருந்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு மலையகம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். கூகிளை யாரும் உடைக்கவில்லை. எந்தப் பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று காட்டும் ‘.எல்கே’ பதிவேட்டில்தான் யாரோ கைவைத்திருந்தார்கள். நம் குறையைச் சொன்னார்களே என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை. அதே வழியில் ஒரு வங்கியின் பெயரைத் திருப்பியிருந்தால் கடவுச்சொற்கள் கள்ளன் கையில்.

2023 ஓகஸ்டில் நடந்தது இன்னும் மோசம். கப்பம் கேட்கும் மென்பொருள் அரசின் மின்னஞ்சல் சேவைக்குள் புகுந்தது. சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்துபோயின. மென்பொருளும் பழையது, அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதியும் இல்லை.

கொழும்புக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? ஹட்டன் டவுனில் சிம் வாங்க பாட்டியின் அடையாள அட்டையை நீட்டுகிறோம். அந்த சிம் யார் யார் கைக்கோ போகிறது. “பேங்க் கணக்கைக் கொஞ்ச நாள் குடு தம்பி, மாசா மாசம் காசு தாறேன்” என்று ஒருவர் கேட்கிறார். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியே ஓடினால், பொலிஸ் முதலில் தேடி வருவது லயத்துக்குத்தான். பின்னாலிருக்கும் கள்ளனின் குற்றமும் சிறியதல்ல. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதும், அதனால் தேசியப் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பதும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் குற்றங்கள். ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

பணம் போனால் முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். வெட்கப்பட்டு மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. பிறகு பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் கேட்கலாம். மொழியை எண்ணித் தயங்காதீர்கள்: தமிழில் அரச அலுவலகங்களோடு கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம், வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

பகிர்வதிலும் கவனம் தேவை. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், தேசியப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாகும் பொய்க் கூற்றைத் தண்டிக்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அப்படியே பிறருக்கு அனுப்பாதீர்கள். ஆனால் சம்பளம் போதாது என்று எழுதுவது பொய்யும் அல்ல, அச்சுறுத்தலும் அல்ல.