மஸ்கெலியாக் குளிரில் தோசை மா ஏன் பொங்குவதில்லை?

சுமார் 1,200 மீற்றர் உயரத்திலுள்ள மஸ்கெலியாவில், குளிர்ந்த இரவுகளில் தோசை மா விடியும்வரை வைத்தாலும் பொங்காது. உளுந்தில் குறையில்லை. மாவுக்குள் வாயுவை உண்டாக்கும் லியூகோனொஸ்டொக் போன்ற பக்டீரியாக்களுக்கு 25–30 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், குளிர்ந்தால் மந்தமாகிவிடும்.

மாவின் சூட்டைக் காக்க ஒரு பெட்டி போதும். எதில் செய்வது? வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்துவது அசையாத காற்று. மீன் வரும் ரெஜிபோம் பெட்டியின் ஓரத்தை உடைத்துப் பாருங்கள்: ஒட்டிய சின்னச் சின்ன மணிகள், அவற்றுள் ஏறக்குறைய 98 வீதம் காற்று. பலகை ரெஜிபோமைவிட 3, 4 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். தகரம் வேண்டவே வேண்டாம். சாக்கும் கம்பளியும் காய்ந்திருக்கும்வரை நல்லவைதான். ஆனால் மஸ்கெலியா மழையில் எது காய்கிறது? ஈரம் ஏறினால் காற்றிருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ரெஜிபோம் நீரை அதிகம் உறிஞ்சாது. ஆகவே என் தெரிவு அதுதான்.

பெட்டி தானாகச் சூடு தராது, இருப்பதைக் காக்கும். மாச்சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுடுநீர்ப் போத்தலை வைத்து, மூடியை இடைவெளியின்றி மூடுங்கள். நெருப்போ மின்குமிழோ மட்டும் உள்ளே வைக்காதீர்கள்: ரெஜிபோம் 100 பாகை அளவிலேயே இளகும், தீயும் பிடிக்கும்.