சூடாக்கும் கம்பியே சூட்டை அளக்கிறது

வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள வேப் கருவியின் திரையில் 220 டிகிரி என்று தெரிந்தால், உள்ளே எங்கோ ஒரு வெப்பமானி இருப்பதாகத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. திரவத்தை ஆவியாக்கும் அதே கம்பிச் சுருளின், அதாவது காயிலின், மின்தடையைப் பார்த்துத்தான் சிப் சூட்டைக் கணக்குப் போடுகிறது. கம்பி எந்த உலோகம், குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை எவ்வளவு என்ற இரண்டும் சரியாகத் தெரிந்தால் கணக்கும் சரியாக வரும். இரண்டில் ஒன்று பிழைத்தாலும் திரையில் 220 மாறாது. உள்ளே கம்பி கனன்றுகொண்டிருக்கும். காயிலின் பாதுகாப்பு முழுவதும் இந்த இரண்டு விவரங்களைச் சுற்றியே அமைகிறது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வேப் எனப்படும் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடைசெய்துவிட்டது. சிங்கப்பூரிலும் தடைதான். பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு இது விற்பனையில் இருக்கிறது. சொந்தமாகக் கம்பி சுற்றிக்கொள்பவர்களும் அங்கே உண்டு. சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லாதது அல்ல, புகைக்காதவர் தொடங்கவே கூடாது என்பது பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை சொல்லும் அறிவுரை. கீழே வருவது, சிகரெட்டை விடுவதற்காக ஏற்கெனவே இந்தக் கருவிக்கு மாறியவர்களுக்கானது.

கட்டுப்பாடு எதற்காக வந்தது?

திரவத்தில் பெரும்பங்கு இரண்டு பொருள்கள்: புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். காயிலுக்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சு நனைந்திருக்கும் வரை கம்பியின் சூட்டை ஆவியாதல் உறிஞ்சிக்கொள்கிறது. பஞ்சு காய்ந்த கணத்தில் அந்தத் தடுப்பு போய்விடும். வெப்பநிலை எகிறும், கிளிசரின் சிதைந்து அக்ரோலினும் ஃபார்மால்டிஹைடும் உண்டாகும், பஞ்சு கருகும்.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டதாக ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸும் உடன் ஆய்வாளர்களும் வேறு ஆய்வொன்றை வெளியிட்டார்கள். ஆல்டிஹைடுகள் பெருமளவில் உண்டாவது பஞ்சு காய்ந்து, தொண்டை தாங்காத காட்டம் ஏறும் நிலையில்தான் என்பது அவர்கள் வாதம். அந்தச் சர்ச்சை எப்படியிருந்தாலும், காய்ந்த பஞ்சுதான் ஆபத்து என்பது இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் விளங்கும். அதைத் தடுக்கும் சிப்பை ஒஹாயோ மாநிலத்து எவால்வ் நிறுவனம் டிஎன்ஏ 40 என்ற பெயரில் 2014-லேயே கொண்டுவந்திருந்தது. தொடக்கத்தில் அது நிக்கல் கம்பியோடு மட்டுமே வேலை செய்தது.

அடிப்படை எளிது. உலோகம் சூடேறினால் மின்தடை கூடும். 0.10 ஓம் நிக்கல் காயிலை 20 டிகிரியிலிருந்து 220-க்குக் கொண்டுபோனால் அது சுமார் 0.22 ஓம் ஆகும். மின்தடை அந்த அளவைத் தொட்டதும் சிப் மின்சாரத்தைக் குறைத்துவிடும்.

படி 1: கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

நிக்கல் 200 என்பது 99 விழுக்காட்டுக்கும் மேல் சுத்த நிக்கல். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.6 விழுக்காடு மின்தடை கூடுவதால் சிப்புக்குக் கணக்கிடுவது சுலபம். ஆனால் உலோக ஒவ்வாமைகளில் மிகப் பரவலானது நிக்கல் ஒவ்வாமைதான். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் இந்தக் கம்பியின் பக்கமே போக வேண்டாம். சுவாசத்தின் வழியே போகும் நிக்கல் சேர்மங்களை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

டைட்டானியத்தில் கலப்பில்லாத முதல் தரக் கம்பி பயன்படுகிறது. மின்தடை மாற்றம் டிகிரிக்குச் சுமார் 0.35 விழுக்காடு. சாதாரணச் சூட்டில் இது நன்றாக நிலைத்து நிற்கும். மிதமிஞ்சிச் சூடானால் மேலே வெள்ளைப் பொடியாக டைட்டானியம் டை ஆக்சைடு படியும். அந்தத் தூளை அதே முகமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற 2பி வகையில் சேர்த்திருக்கிறது.

316எல் என்ற துருப்பிடிக்காத எஃகில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம், 10 முதல் 14 விழுக்காடு நிக்கல், கொஞ்சம் மாலிப்டினம் இருக்கும். ஆகவே நிக்கல் ஒவ்வாமைக்காரருக்கு இதுவும் முழு விடுதலை அல்ல. குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம் எஃகைக் காக்கிறது. எஃகு 425 முதல் 850 டிகிரி வரை சூட்டில் கிடந்தால் அதிலுள்ள கரி குரோமியத்தோடு சேர்ந்துகொண்டு அந்தக் காப்பைக் கெடுக்கும். அதனால்தான் கரி 0.03 விழுக்காட்டுக்கு மேல் போகாத ‘எல்’ வகையைத் தேடி வாங்குகிறார்கள். மின்தடை மாற்றம் டிகிரிக்கு 0.09 விழுக்காடுதான், சிறு பிழையும் பெரிதாகக் காட்டும்.

காந்தால் என்ற இன்னொரு வகைக் கம்பியின் மின்தடை சூட்டோடு ஏறக்குறைய மாறுவதே இல்லை. வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்கு அது உதவாது. பொட்டலத்தில் உலோகத்தின் பெயரும் தரமும் அச்சிடப்படாத கம்பியை வாங்கவே வேண்டாம்.

படி 2: கழுவுதல், சுற்றுதல், பொருத்துதல்

கம்பி இழுக்கும் ஆலையின் எண்ணெயும் தூசும் புதுக் கம்பியில் ஒட்டியிருக்கும். சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட வேண்டும். கனலவிட்டு அழுக்கை எரிக்கலாம் என்ற பழக்கம் காந்தால் காலத்தியது; அது இங்கே ஆகாது.

நிக்கலையும் டைட்டானியத்தையும் சுற்றும்போது சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட வேண்டும். தொட்டால் மின்சாரம் குறுக்கே பாயும், மின்தடை நிலையாக நிற்காது, சிப்பின் கணக்கு குழம்பும். நிக்கல் மெத்தென்றிருக்கும் உலோகம். திருகை அளவுக்கு மீறி முடுக்கினால் கம்பி நசுங்கி அறுந்துபோகும். தளர்வாக விட்டால் தொடர்பு ஆடும்.

சாலிடர் பற்றவைப்பு இல்லாமல் திருகினால் பிடிக்கும் அமைப்புக்கு இன்னொரு நன்மை உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் 2013-இல் நடந்த ஓர் ஆய்வு, மின்சிகரெட் ஆவியில் வெள்ளீயத் துகள்களைக் கண்டது. அவை சாலிடரிலிருந்து வந்தவை. நுரையீரலுக்குப் போகும் உலோகம் எல்லாமே கம்பியிலிருந்து வருவதில்லை.

படி 3: உலோகத்தின் பெயரைச் சிப்புக்குச் சொல்லுதல்

கருவியின் பட்டியலில் நிக்கல், டைட்டானியம், எஃகு என்று தனித்தனியாக இருக்கும். இங்கே விரல் தவறினால் என்ன ஆகும் என்று கணக்கே சொல்லும்.

0.50 ஓம் எஃகுக் காயிலைப் பொருத்திவிட்டு, பட்டியலில் நிக்கலைத் தேர்ந்தெடுத்ததாக வைத்துக்கொள்வோம். 220 டிகிரிக்கு மின்தடை 1.10 ஓம் ஆக வேண்டும் என்று சிப் காத்திருக்கும். எஃகு அந்த மின்தடையை எட்ட 1,300 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். 1,375 டிகிரி வாக்கில் அது உருகவே தொடங்கிவிடும். அதாவது கட்டுப்பாடு என்பதே இல்லாமல் போகிறது. தலைகீழாக, நிக்கல் காயிலுக்கு எஃகு என்று தேர்ந்தெடுத்தால் 50 டிகிரி வாக்கிலேயே சிப் நிறுத்திவிடும், ஆவியே வராது. ஆவி வராத பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். மற்றது காட்டாது.

இந்த ஆபத்துக்கு இரண்டாவது வேலியாக வாட் அளவையும் குறைவாகவே வைக்க வேண்டும்.

படி 4: குளிர்ந்த மின்தடையைப் பூட்டுதல்

காயிலைப் பொருத்தியதும் அவசரப்படக் கூடாது. கருவியும் காயிலும் அறையின் சூட்டுக்கு வரும்வரை, ஏறத்தாழ 20 நிமிடம், சும்மா வைத்திருந்துவிட்டுப் பிறகுதான் மின்தடையைப் படித்துப் பூட்ட வேண்டும்.

உண்மையில் 0.50 ஓம் உள்ள எஃகுக் காயில், சற்று முன்பு பயன்படுத்திய வெதுவெதுப்பில் 0.52 காட்டுகிறது, அதையே பூட்டிவிட்டோம். வித்தியாசம் நூற்றில் இரண்டு ஓம்தான். ஆனால் 220 என்று திரை காட்டும்போது காயில் 270 டிகிரியில் இருக்கும். திருகு தளர்வாக இருந்தபோது 0.52 என்று பூட்டி, பிறகு தொடர்பு சரியாகி 0.50-க்கு இறங்கினாலும் அதே 50 டிகிரிப் பிழைதான். பூட்டிய எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 5: காய்ந்த பஞ்சில் சோதனை

கணக்கை நம்புவதற்கு முன் கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு துணுக்கு உலர்ந்த பஞ்சைக் காயிலுக்குள் நுழைத்து, வெப்பநிலையை 200-க்கும் வாட்டைக் குறைவாகவும் வைத்து, ஓரிரு விநாடி மட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வாயில் வைக்கக் கூடாது. பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் கட்டுப்பாடு வேலை செய்கிறது. பழுப்பேறினால் மூன்றாவது படிக்குத் திரும்பி, உலோகத் தேர்வு, திருகு, குளிர்ந்த மின்தடை மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். கம்பி கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே 500 டிகிரியைத் தாண்டிவிட்டது. நிக்கலோ டைட்டானியமோ ஆனால் அந்தக் கம்பியைக் கழித்துவிடுவதே நல்லது.

சிப் இல்லாத மெக்கானிக்கல் கருவிக்கு இந்தப் படிகள் எதுவும் பொருந்தாது. 0.10 ஓம் காயிலை அதில் போட்டால் முழுக்கச் சார்ஜ் ஏறிய 4.2 வோல்ட் பேட்டரியிலிருந்து 42 ஆம்பியர் பாய முயலும். பேட்டரி வெடிக்கும் அபாயம் அங்கே இருக்கிறது.

படி 6: நனைத்தல், தொடங்குதல்

சோதித்த பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு இடுங்கள். திணித்தால் திரவம் ஏறாது. லேசாக வைத்தால் வழிந்து ஒழுகும். திரவம் ஊறச் சில நிமிடம் விட வேண்டும். முதல் சில இழுப்புகளை உள்ளே வாங்காமல் வெளியே விட்டுவிடுவது நல்லது. 200-இல் தொடங்கி, தேவையானால் மட்டும் சிறிது சிறிதாக ஏற்றலாம். 230-ஐத் தாண்ட எந்த அவசியமும் இல்லை.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒன்று மீதமிருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பால்டிமோர் பகுதியில் தினமும் வேப் செய்யும் 56 பேரின் சொந்தக் கருவிகளைச் சோதித்தார்கள். புட்டியிலிருந்த திரவத்தில் மிகக் குறைவாக இருந்த காரீயம், குரோமியம், நிக்கல், மாங்கனீசு ஆகியவை, காயிலைத் தொட்டபின் டேங்கில் மிஞ்சிய திரவத்திலும் ஆவியிலும் கூடுதலாக இருந்தன. வெப்பநிலைக் கட்டுப்பாடு எகிறும் சூட்டைத்தான் தடுக்கும். உலோகம் கரைவதை நிறுத்தும் வேலை அதனுடையது அல்ல. நாள்கணக்கில் டேங்கில் கிடந்த திரவத்தைக் கொட்டிவிடுங்கள்.

படி 7: கரியை அகற்றுதல்

இனிப்பூட்டி கலந்த திரவம் காயிலில் கரியாகப் பிடிக்கும். எஃகைக் கனலவிட்டு அதை எரிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் காப்புப் படலம் கெடும் சூட்டுக்கு நாமே கம்பியைக் கொண்டுபோகிறோம். பஞ்சை எடுத்துவிட்டு, வெந்நீரில் மென்மையான பல்துலக்கியால் தேய்த்தாலே போதும். அதற்கும் போகாத கரியென்றால் காயிலின் ஆயுள் முடிந்தது.

படி 8: எப்போது மாற்றுவது?

அடிக்கடி மாற்றுவதே பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அதே பால்டிமோர் ஆய்வில், காயிலை அடிக்கடி மாற்றியவர்களின் ஆவியில் உலோகம் கூடுதலாக இருந்தது. புதுக் காயில் கூடுதலாக உலோகம் விடுகிறது என்ற சந்தேகத்தை அது எழுப்புகிறது. ஆகவே நாள்காட்டியைப் பார்த்து மாற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை, காயில் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, திரையிலுள்ள மின்தடையைத் தாளில் குறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 0.50 என்று குறித்த எஃகு 0.48-ஆகவோ 0.52-ஆகவோ மாறியிருந்தால் முதலில் திருகைச் சரிபாருங்கள். அதன்பின்னும் எண் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் அந்தக் காயிலைக் குப்பையில் போட்டுவிட்டு, முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.