பரண்மேல் உறங்கும் படக்குழாய்

நம் பாளையங்கோட்டை வீடுகள் பலவற்றில் பரண்மேலோ கட்டிலுக்கடியிலோ பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். 2006-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குலப் பெட்டியாகவும் அது இருக்கலாம். 'பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம்' என்று அம்மா பலமுறை சொல்லியிருப்பார்கள். ஆனால் அதன் வயிற்றிலிருக்கும் படக்குழாயைப் போன்ற ஒன்றுக்காக அலைந்து திரிவோர் உலகில் இருக்கிறார்கள்!

யார் அவர்கள்? 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-இல் 'பேக்-மேன்' என்று ஜப்பானில் பிறந்த காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பவர்கள். அப்பெட்டிகளின் திரையும் படக்குழாய்தான். ஒரே படம் ஆண்டுக்கணக்கில் நின்றதால், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பேக்-மேனின் பாதைக் கோடுகள் கண்ணாடியில் தழும்பாகத் தெரிவதுண்டு. மாற்றிவிடலாம் என்றால் புதுக்குழாய் ஏது? தட்டைத் திரைகள் வந்ததும், நம் நாட்டில் இவற்றைச் செய்துவந்த சாம்டெல் போன்ற ஆலைகளும் மூடப்பட்டன. ஆகவே பழைய தொலைக்காட்சியே கதி.

எந்தத் தொலைக்காட்சி பொருந்தும்? இங்கேதான் வேடிக்கை. அமெரிக்கர்கள் கண்ணுக்குத் தெரியும் திரையை மட்டும் மூலைக்கு மூலை அளந்தார்கள். நாமோ முழுக் கண்ணாடியையும் அளந்தோம். எனவே அவர்களுடைய 13 அங்குலம் நம்முடைய 14. அவர்களுடைய 19 நம்முடைய 20. நின்றுகொண்டு ஆடும் பேக்-மேன் பெட்டிக்கு 19 அங்குலக் குழாய். உட்கார்ந்து ஆடும் மேசை வடிவத்திற்கு 13. நம் பரண்மேல் கிடப்பது இந்த இரண்டாவதற்கு உறவு!

அளவு ஒத்தால் மட்டும் போதாது. குழாயின் பின்புறம் ஒல்லியான கழுத்து ஒன்று உண்டு. அதன் முனையில் இழை சூடேற்றும் கேதோடிலிருந்துதான் எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. பழைய விளையாட்டுப் பெட்டிகளில் அக்கழுத்து பெரும்பாலும் 29 மில்லிமீட்டர். பிற்காலத்துச் சிறு தொலைக்காட்சிகள் பலவற்றில் அது 22.5 மில்லிமீட்டர்தான். கழுத்து வேறானால் ஊசிகள் செருகும் சாக்கெட்டும் வேறு. கதிர் விரியும் கோணமும் 90 பாகையா, 110 பாகையா என்று பார்க்க வேண்டும்.

கழுத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருள்தான் கதிரை இடவலமாகவும் மேல்கீழாகவும் இழுத்துப் படம் வரைகிறது. நம் தொலைக்காட்சியில் கதிர் நொடிக்கு 15,625 முறை இடமிருந்து வலம் ஓடும். அவ்விளையாட்டுப் பெட்டிகளிலும் ஏறக்குறைய அதே வேகம்தான். ஆயினும் சுருளின் மின்தன்மை பழைய சுருளோடு ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் படம் சுருங்கும், அல்லது மின்சுற்று சூடேறிக் கருகும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே புள்ளியில் சேரும்படி ஆலையிலேயே குழாயையும் சுருளையும் இணை சேர்த்திருப்பார்கள். மின்தன்மை ஒத்துவந்தால் அந்த இணையைப் பிரிக்காமல் அப்படியே மாற்றுவதே நல்லது என்பது நம் கருத்து. பிரித்துவிட்டால் காந்த வளையங்களைத் திருப்பித் திருப்பி வண்ணங்களைச் சேர்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

தோழியரே, ஒரு கண்டிப்பான சொல்! இதைப் படித்துவிட்டு யாரும் திருகாணியைத் தொட வேண்டாம். பெட்டியை நிறுத்திய பிறகும் குழாயின் பக்கவாட்டிலுள்ள ரப்பர் மூடியின் அடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும். உள்ளே காற்றில்லாததால், குழாய் உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறக்கூடும். பழைய இரும்புக் கடையில் சுத்தியால் உடைப்பதும் தவறே. அக்கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது.

அனுபவமுள்ள மெக்கானிக் பெட்டியைத் திறந்தால் முதலில் பார்ப்பது குழாயின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டைத்தான். எண் 370 என்று தொடங்கினால் முழுக் குறுக்களவு 370 மில்லிமீட்டர். ஏ34 என்றிருந்தால் தெரியும் திரை 34 சென்டிமீட்டர். இரண்டும் நம் 14 அங்குலமே.