இலங்கை நாடாளுமன்றத் தேர்தல், 1977

இலங்கையின் 8ஆவது நாடாளுமன்றத் தேர்தல் 1977 சூலை 21 அன்று நடைபெற்றது. 168 உறுப்பினர்களைத் தெரிவு செய்வதற்கான இத்தேர்தலில் ஜே. ஆர். ஜெயவர்தனா தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சி 140 இடங்களைக் கைப்பற்றியது. ஆட்சியில் இருந்த இலங்கை சுதந்திரக் கட்சி 8 இடங்களுடன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 18 இடங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி முதன்மை எதிர்க்கட்சியானது.

பின்னணி

1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையிலான ஐக்கிய முன்னணி பெரு வெற்றி பெற்றது. சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகியன இம்முன்னணியில் இணைந்திருந்தன. 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு, அந்நாளிலிருந்து மேலும் ஐந்து ஆண்டுகள் அவை தொடர வழி செய்தது. இதனால் 1970 இல் தெரிவான அரசு ஏழு ஆண்டுகள் பதவியில் இருந்தது.

இக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் உணவுப் பொருட்களுக்கும் துணிக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பாணுக்கும் அரிசிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். வேலையின்மை அதிகரித்தது. 1975 இல் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது; 1977 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சி விலகியது. எனவே 1970 இல் ஒன்றாக நின்ற கட்சிகள் இம்முறை பிரிந்து போட்டியிட்டன.

தமிழ்ப் பகுதிகளில் வேறு பிரச்சினைகள் முன்னின்றன. பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், 1972 அரசியலமைப்பில் சிங்கள மொழிக்கும் பௌத்தத்துக்கும் அளிக்கப்பட்ட இடம் ஆகியன கடும் அதிருப்தியைத் தோற்றுவித்தன. 1976 மே 14 இல் வட்டுக்கோட்டையில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுக்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன் தலைவர்களான ஜி. ஜி. பொன்னம்பலமும் சா. ஜே. வே. செல்வநாயகமும் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னர் காலமாயினர். கூட்டணி இத்தேர்தலை அத்தீர்மானத்துக்கான மக்கள் ஆணையாக முன்வைத்துப் போட்டியிட்டது.

ஐக்கிய தேசியக் கட்சி திறந்த பொருளாதாரத்தையும் நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதி முறையையும் வாக்குறுதியாக அளித்தது. தமிழ் பேசும் மக்களுக்குக் கல்வி, குடியேற்றம், மொழி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் குறைகள் உண்டு என்பதை அதன் தேர்தல் அறிக்கை ஏற்றுக்கொண்டு, சர்வகட்சி மாநாடு கூட்டப்படும் எனவும் கூறியது.

முடிவுகள்

ஐக்கிய தேசியக் கட்சி: 140 இடங்கள், ஏறத்தாழ 51% வாக்குகள்
தமிழர் விடுதலைக் கூட்டணி: 18 இடங்கள், 7% இற்கும் குறைவான வாக்குகள்
இலங்கை சுதந்திரக் கட்சி: 8 இடங்கள், ஏறத்தாழ 30% வாக்குகள்
இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்: 1 இடம்
சுயேச்சை: 1 இடம்

வட மாகாணத்தின் 14 இடங்களையும் கூட்டணியே பெற்றது. கிழக்கில் அதற்கு 4 இடங்கள் கிடைத்தன. மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌ. தொண்டமான் தெரிவானார். அத்தனகலையில் சிறிமாவோ வென்றார். இடதுசாரித் தலைவர்களான என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோர் தோல்வியுற்றனர். சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் இடமும் கிடைக்கவில்லை.

வாக்குகளும் இடங்களும்

அப்போது தொகுதிவாரித் தேர்தல் முறை நடைமுறையில் இருந்தது. பெரும்பாலான தொகுதிகளில் அதிக வாக்குப் பெற்ற ஒருவரே உறுப்பினராவார். ஏனையோருக்கு விழுந்த வாக்குகளால் அவர்களின் கட்சிக்குப் பயன் ஏதும் இல்லை. சுதந்திரக் கட்சியின் 18 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் தீவெங்கும் பரவிக் கிடந்தன. பெரும்பாலான தொகுதிகளில் அக்கட்சி இரண்டாவதாக வந்ததால் அவை இடங்களாக மாறவில்லை. கூட்டணியின் சுமார் 4 இலட்சத்து 20 ஆயிரம் வாக்குகளோ வடக்கிலும் கிழக்கின் சில பகுதிகளிலும் செறிந்திருந்தன. சராசரியாகப் பார்த்தால் கூட்டணிக்கு சுமார் 23,000 வாக்குகளுக்கு ஓர் இடமும், சுதந்திரக் கட்சிக்கு 2,30,000 வாக்குகளுக்கு ஓர் இடமும் கிடைத்தன.

பாதி வாக்காளரின் ஆதரவைப் பெற்ற ஆளும் கட்சிக்கு அவையில் ஆறில் ஐந்து பங்கு இடங்கள் கிடைத்தன. அரசியலமைப்பை மாற்றத் தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மை 112 மட்டுமே. எனவே வேறு எந்தக் கட்சியின் சம்மதமும் இன்றி அதனை மாற்றும் பலம் ஒரே கட்சியிடம் சேர்ந்தது.

விளைவுகள்

ஜெயவர்தனா பிரதமரானார். அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். இப்பதவியை வகித்த முதல் தமிழர் இவரே. தனிநாடு கோரி ஆணை பெற்ற கட்சியே அவையின் முதன்மை எதிர்க்கட்சியாக அமர்ந்தது. தேர்தல் முடிந்து ஒரு மாதம் நிறைவதற்குள், 1977 ஆகத்து நடுப்பகுதியில், தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. மலையகத் தமிழர் பலர் இடம்பெயர்ந்து வன்னியில் குடியேறினர்.

1978 பெப்ரவரி 4 இல் ஜெயவர்தனா நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதியாகப் பதவியேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து, தொகுதிவாரி முறைக்குப் பதிலாக விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அம்முறையில் பொதுத் தேர்தல் உடனடியாக நடைபெறவில்லை. 1982 திசம்பர் 22 இல் நடந்த மக்கள் கருத்துக் கணிப்பின் மூலம் 1977 நாடாளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. 1983 இல் நிறைவேறிய ஆறாவது திருத்தம் பிரிவினையைக் கைவிடும் சத்தியத்தைக் கட்டாயமாக்கியது. அதனை எடுக்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் தம் இடங்களை இழந்தனர். வட மாகாண வாக்காளர் தெரிவு செய்த எவரும் பின்னர் அவையில் இல்லை.

அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரி 15 இல் நடைபெற்றது. அதிலும் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51% வாக்குகளையே பெற்றது. ஆனால் புதிய முறையின் கீழ் 225 இடங்களில் 125 மட்டுமே அதற்குக் கிடைத்தன. ஏறக்குறைய அதே அளவு ஆதரவு 1977 இல் ஆறில் ஐந்து பங்கு இடங்களையும் 1989 இல் பாதிக்குச் சற்று அதிகமான இடங்களையும் தந்தது. வாக்குகளை இடங்களாக மாற்றும் முறை ஆட்சியின் பலத்தை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்விரு தேர்தல்களும் எடுத்துக்காட்டாக அமைகின்றன.