மோட்டார் தானாக நின்றால் ரிலேயைத் திட்டாதீர்கள்

அவனியாபுரம் தாண்டிப் பெருங்குடி, வலையங்குளம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவருக்கு ஸ்டார்ட்டர் பெட்டியின் ‘டக்’ சத்தம் பழக்கம்தான். பச்சைப் பட்டனை அமுக்கியதும் உள்ளே ஒரு ரிலே மூடுகிறது.

ரிலே என்றால் என்ன? சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் சுவிட்ச். உள்ளே காயில் (கம்பிச் சுருள்) இருக்கும். அதில் கரண்ட் பாய்ந்தால் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். அது மோட்டாருக்குப் போகும் மூன்று லைனையும் சேர்த்துவிடும். ஸ்டார்ட்டரில் உள்ள இந்தப் பெரிய ரிலேயை எலெக்ட்ரீஷியன் ‘கான்டாக்டர்’ என்பார்.

இது மோட்டாருக்காகப் பிறந்ததா? இல்லை. 1835 வாக்கில் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி செய்துகாட்டிய வித்தை, முதலில் தந்திக்குப் பயன்பட்டது. நீண்ட கம்பியில் வந்து நலிந்துபோன கரண்ட் காந்தத்தை மட்டும் அசைக்கும். அங்கே வைத்திருக்கும் பேட்டரி மீதியைப் பார்த்துக்கொள்ளும். பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ரயில் சிக்னல் என்று பரவி, இன்று வீட்டு ஸ்டெபிலைசர்வரை வந்துவிட்டது.

சரி, கரண்ட் இருக்கும்போதே மோட்டார் ஏன் நிற்கிறது? அது ஓவர்லோட் ரிலேயின் வேலை. இரண்டு வகை உலோகத்தை ஒட்டிய தகடு அதில் இருக்கிறது. கரண்ட் கூடினால் தகடு சூடேறி வளையும், வளைந்ததும் ‘ட்ரிப்’.

பெரும்பாலும் எதனால் கூடும்? சிக்கி இறுகிய பம்ப், தேய்ந்த பேரிங், குறைந்த வோல்டேஜ். எல்லாவற்றையும்விட மோசம், ஒரு ஃபேஸ் (மூன்று லைனில் ஒன்று) போய்விடுவது. மீதி இரண்டும் ஏறத்தாழ 1.7 மடங்கு கரண்ட் இழுக்கும். கவனிக்காவிட்டால் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பி) கருகிவிடும்.

“தொந்தரவாக இருக்கிறது, ரிலேயைத் தவிர்த்து நேராகக் கொடுத்துவிடலாமா?” வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். ரீவைண்டிங் இலவசம் இல்லை. போர்வெல் மோட்டாரை மேலே தூக்கும் கூலி தனி.

ரிலேயின் திருகை எந்த எண்ணில் வைப்பது? மோட்டார்த் தகட்டில் ஆம்பியர் எழுதியிருக்கும். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் அதே எண்தான்; 5 எச்பி மூன்று ஃபேஸ் மோட்டாருக்குச் சுமார் 7.5 வரும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்குக் கணக்கு வேறு, எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ட்ரிப் ஆனால் தகடு ஆறச் சில நிமிடம் பொறுத்து, மூன்று ஃபேஸும் வருகிறதா பார்த்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். மறுபடி விழுந்தால் அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

கோடையில் கிணறு வற்றினால் இந்த ரிலே காப்பாற்றுமா? காப்பாற்றாது. தண்ணீர் இல்லாமல் ஓடும்போது கரண்ட் கூடாமல் குறையும் என்பதால் ஓவர்லோட் ரிலே சும்மா இருந்துவிடும். அதற்கு ‘டிரை ரன்’ ரிலே தனியாகப் போட வேண்டும்.

ஸ்டார்ட்டரில் ‘ஆட்டோ’ வைத்திருக்கிறீர்களா? சாதாரண ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும். திரும்பி வந்தாலும் பட்டன் அமுக்கும்வரை மோட்டார் ஓடாது. ஆட்டோவில் அதுவாகவே ஓடத் தொடங்கிவிடும். பம்பிலோ வயரிலோ கை வைக்கும் முன் ஆட்டோவை நிறுத்தி, மெயினையும் இறக்கிவிடுங்கள்.